முதல் முடிச்சுக்கு ஒரு டிக்கெட்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை; அதன் மேல்மாடியில் ஒரு கம்பனி. கம்பனியின் பெயர் "வாசல்". முதலாளி கஜலட்சுமி. ஊழியர் ஸிபான், அலவத்துகொடக்காரன், கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவனுடையது. கதிரைகள் மூன்று. மூன்றாவது கதிரை வாடிக்கையாளருக்கென்று வைத்தது. பெரும்பாலும் அதில் பாத்திரக் கடைப் பூனைதான் இருந்தது.

இசை நிகழ்ச்சி, நாடகம், நடனப் போட்டி என்று எது நடந்தாலும் டிக்கெட் விற்பது வாசலின் தொழில். டிக்கெட் யார்தான் விற்கவில்லை? ஆனால் வாசல் விற்ற டிக்கெட்டைக் கள்ளமாக அச்சடிக்க முடியாது. கொடுத்ததை இல்லையென்று சாதிக்கவும் முடியாது. அதற்கு ப்ளொக்செயின் என்று பெயர். வருகிறவர்கள் அது என்ன சங்கதி என்று கேட்டால் ஸிபான் அரைமணி நேரம் விளக்குவான். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கஜலட்சுமி ஒரே வரியில் முடிப்பாள்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு சொல்வாங்கல்ல? அதேதாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் கணக்கு இருந்தா அவரைப் பிடிச்சுத் திருத்திடலாம். இது ஆயிரம் கம்ப்யூட்டர் வாயில விழுந்த பேச்சு. யாரைப் பிடிச்சு என்ன செய்வீங்க? நான் நெனச்சாக்கூட மாத்த முடியாது."

அந்தக் கடைசி வரிதான் கம்பனியின் மூலதனம். ஒரு முறை பெரிய இசை நிகழ்ச்சிக்கு ஒரு கட்சிக்காரர் நாற்பது ஆதரவாளர்களோடு வந்து இறங்கினார். டிக்கெட் இருந்தது அவருக்கு மட்டும். கஜலட்சுமி அந்த வரியைச் சொன்னாள். அவர் தனியாக உள்ளே போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். உள்ளே அவர் கைதட்டும் நேரம் பார்த்து நாற்பது பேரும் மதிலுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. கட்சிக் கட்டுப்பாடு என்பது லேசுப்பட்டதா?

பிறகு கொரோனா வந்தது. பாட்டு நின்றது, கூத்து நின்றது, கண்டி நகரமே வாயில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனது. வாவியில் இருக்கும் மீன்கள் ஒருநாள், ஏன் சத்தத்தைக் காணோம் என்று கரையேறிப் பார்த்ததாக ஒரு பேச்சு உண்டு. மீன் கரையேறியதை ஒருவரும் காணவில்லை. காண்பதற்கு வெளியே ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே பொய்யென்று சொல்லிவிடவும் முடியாது.

அலவத்துகொடயிலிருந்து ஸிபான் போன் எடுத்தான். "அக்கா, கம்பனிய மூடிப் போடுவமா?"

"எதுக்கு?"

"என்னத்துக்கா? சனம் கூடப்படாதுன்டு சட்டம் போட்டீக்கி. நாங்க விக்கிறது சனம் கூடுறதுக்கு டிக்கெட்."

"அட மக்கு. கூட்டம் கூடலாம்னா கதவைத் திறந்து விட்டுட்டு எல்லாரும் வாங்கன்னு சொல்லிடலாம். கூடக் கூடாதுங்கிறப்பத்தான்டா யார் உள்ள, யார் வெளியன்னு கேள்வி வருது. டிக்கெட் இப்பத்தான் வேணும்."

"எதுக்கு விக்கப் போற, அக்கா?"

"கலியாணத்துக்கு," என்றாள் கஜலட்சுமி.

அந்த வகையில் அவளுக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர் தெல்தோட்டை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தியாகராஜா. மகள் நிலூஷாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை யுகேஷ், கலஹா பக்கம். மண்டபத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தலை கூடினாலும் கலியாணத்தை நிறுத்திவிட்டு மொத்தக் குடும்பத்தையும் தனிமைப்படுத்தப் போவதாக பி.எச்.ஐ. மாத்தயா, அதாவது சுகாதாரப் பரிசோதகர், நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். தியாகராஜாவின் சொந்தமோ மலைக்கு மலை படர்ந்த சொந்தம். ஐம்பதோடு நிறுத்தினால் மிச்சப் பேர் ஏழு தலைமுறைக்கு முகம் பார்க்க மாட்டார்கள்.

"ஐம்பது ஐம்பதா மூணு தடவை கூப்பிடலாங்கய்யா," என்றாள் கஜலட்சுமி. "ஒரு கூட்டம் பின்வாசலால போனப்புறம் அடுத்த கூட்டம் முன்வாசலால வரட்டும்."

"தாலி கட்டுறதப் பாக்காம எவன் வருவான், மகள்? சோத்துக்கா வர்றாங்க?"

"தாலிக்கு எத்தனை முடிச்சுங்க?"

தியாகராஜா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு," என்றார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. அது முதல் கூட்டத்துக்கு. அடுத்த இரண்டும் நாத்தனார் போடுவது. இரண்டாவது முடிச்சு இரண்டாம் கூட்டத்துக்கு, மூன்றாவது மூன்றாம் கூட்டத்துக்கு. கோயில் ஐயரிடம் கேட்டபோது அவர் கண்ணை மூடி யோசித்தார். "மூணு முடிச்சுன்னுதான் சாஸ்திரத்துல இருக்கு. மூச்சு விடாமப் போடணும்னு எங்கயும் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது, யாருக்கு எந்த முடிச்சு? "அதை நான் சொன்னா என் குடும்பம் ரெண்டாப் போயிரும்," என்றார் தியாகராஜா. "மெஷினே குலுக்கிப் போடட்டும். மெஷினோட எவன் சண்டைக்குப் போவான், மகள்?"

ஸிபான் குலுக்கினான். ஐம்பதுக்குள் யார் யார் அடக்கம் என்று பி.எச்.ஐ. மாத்தயா தெளிவாகச் சொல்லியிருந்தார்: மூச்சு விடுகிற எல்லாரும். ஆகவே மணமகளுக்கு ஒரு டிக்கெட், மாப்பிள்ளைக்கு ஒன்று, பெற்றோர், நாத்தனார், நாதஸ்வரக்காரர், தவில்காரர், ஐயர் எல்லாருக்கும் மூன்று முடிச்சுக்கும் தனித்தனி டிக்கெட். மிச்சமிருந்த இடங்கள் சொந்தக்காரர்களுக்கு.

போனில் டிக்கெட் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லை. விசாரித்தால், "டிக்கெட் வந்துச்சு. அழைப்பு எங்க வந்துச்சு? வெத்தல பாக்கு வைக்காத வீட்டுக்கு நாங்க போறதில்ல," என்று ஒரே குரலில் பதில். ஊரடங்கில் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைக்க யாருக்கு அனுமதி? தெல்தோட்டைக்கே வந்து தங்கியிருந்த கஜலட்சுமி ரோட்டைப் பார்த்தாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஆட்டோ ஒன்றுதான் மலையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் காலை ஒவ்வொரு வீட்டுக்கும் பாணோடு வெற்றிலை பாக்கும் போனது. அன்று தெல்தோட்டையில் பாண் வாங்காத வீடு இல்லை.

நண்பகலுக்கு மாத்தளன் தோட்டத்துப் பக்கமிருந்து தியாகராஜாவுக்கு ஒரு போன். பேசியது சுந்தரலிங்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நிலூஷாவின் தாயோடு கூடப் பிறந்த ஒரே தம்பி.

"அத்தான், எனக்கு மூணாம் முடிச்சுன்னு வந்திருக்கு."

"மச்சான்..."

"நான் தாய்மாமன். புள்ளையக் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது நான். மாலை என் கையில இருக்கு. முதல் முடிச்சு விழறப்ப நான் மரத்தடியில உக்காந்து என்னத்தப் பண்ண? ஈ ஓட்டவா?"

தியாகராஜா கஜலட்சுமியிடம் ஓடிவந்தார். "மகள், மெஷினுக்குத் தாய்மாமனத் தெரியாதா?"

"யாரும் எழுதிக் குடுக்கலையேங்கய்யா. முறையெல்லாம் எழுதித் தாங்கன்னு கேட்டேனே."

"தாய்மாமன் முன்னால நிக்கணும்னு எவனாச்சும் எழுதிக் குடுப்பானா? சூரியன் கிழக்குல உதிக்கும்னு எழுதிக் குடுத்தமா?"

கஜலட்சுமியும் அந்த ஊர் முறையில் வளர்ந்தவள்தான். அவளுக்கும் அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை.

டிக்கெட் வைத்திருப்பவர் மனம் வந்து தன் போனிலிருந்து இன்னொருவருக்குக் கொடுத்தால் மட்டுமே டிக்கெட் கைமாறும். அவள் முதல் முடிச்சுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். தியாகராஜாவின் அத்தை மூக்காயி, "நான் மாசக் கணக்கா வீட்டுச் சுவத்தத் தவிர வேற ஒண்ணையும் பாக்கலடி. முதல் முடிச்சப் பாக்காம என் உசிரு போனா உன் கம்பனி பதில் சொல்லுமா?" என்று கேட்டாள். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் தன் டிக்கெட்டை அச்சடித்துக் கண்ணாடி போட்டுச் சாமியறையில் மாட்டியிருந்தார்; சாமி படத்தைக் கழற்றுவது குடும்பத்துக்கு ஆகாதாம். இன்னொருவர் தன் முதல் முடிச்சு டிக்கெட்டுக்கு ஒரு கறவை மாடு விலை பேசப்பட்டதாகவும், கன்றும் சேர்த்துக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். மாடு வந்திருந்தாலும் அவர் கொடுத்திருக்க மாட்டார்.

பின்னேரம் தியாகராஜா மறுபடி வந்தார். "மகள், ஒண்ணுஞ் சரிவராது. நீயே மாத்திவிடு. உன் கம்ப்யூட்டர்தானே? நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

"என்னால முடியாதுங்கய்யா."

"நாளைக்குக் கலியாணம் நின்னா ஊர் உன்னையத்தான் சொல்லும். அப்புறம் உன்கிட்ட எவன் டிக்கெட் வாங்குவான்?"

அவர் போனதும் அவள் ஸிபானைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கோவிக்கப்படாது. ஒண்டு செல்லட்டா? ஒரு சாவி ஈக்கி."

கம்பனி தொடங்கிய காலத்தில், ஏதாவது பிழைத்துப் போனால் திருத்தலாம் என்று ஒரு சாவி வைத்திருந்தார்கள். இரும்புச் சாவி இல்லை; ஒரு நீளமான இரகசிய எழுத்து வரிசை. அதைப் போட்டால் எந்த டிக்கெட்டையும் யாருக்கும் மாற்றலாம். அது இருப்பதைக் கஜலட்சுமி மறந்திருந்தாள். மறப்பதற்குக் கொஞ்சம் முயற்சியும் செய்திருந்தாள். "நான் நெனச்சாக்கூட மாத்த முடியாது" என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் சொன்னது அந்தச் சாவியின் மேல் உட்கார்ந்துகொண்டுதான்.

"நீங்க ஓமெண்டா ரெண்டு நிமிஷ வேல," என்றான் ஸிபான். "ஒத்தருக்கும் தெரியாது."

"தாய்மாமனுக்குத் தெரியும். தெரிஞ்சா அடுத்த கலியாணத்துல பெரியப்பா வருவாரு. அதுக்கடுத்ததுல கட்சிக்காரர் வருவாரு. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நிமிஷம். அப்புறம் ஐம்பதுங்கிறது எத்தனைடா? நம்மகிட்ட விக்கிறதுக்கு இருக்கிறது அந்த ஒரு பேச்சுதான். அதுவும் பொய்யாப் போனா பாத்திரக் கடைக்காரர்கிட்ட வேலை கேக்கலாம்." அவள் மூச்சு வாங்கினாள். "சாவிய அழிச்சிடு."

"அக்கா! அழிச்சா திரும்பி வராது."

"அதுக்குத்தான் அழிக்கச் சொல்றேன்."

"நாளைக்கி கலியாணம் நிண்டு போனா?"

"நிக்க விட மாட்டேன். அது வேற வேலை, அதை நாளைக்குப் பாக்குறேன். நீ இந்த வேலையப் பாரு."

ஸிபான் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான். காகிதத்தில் எழுதி வைத்திருந்ததை அடுப்பில் போட்டான். சற்று நேரத்தில் திரும்பப் பேசினான். "முடிஞ்சிது, அக்கா. உம்மா அந்த நெருப்புல ரொட்டியும் சுட்டுட்டாங்க. நல்லா வந்தீக்கி."

மறுநாள் காலை மண்டபத்தின் கதவு ஜன்னல் எல்லாம் சட்டப்படி அகலத் திறந்து கிடந்தன. எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அம்மன் கோயில். வாசலில் பி.எச்.ஐ. மாத்தயா தலை எண்ணும் கருவியோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் கஜலட்சுமி போனை நீட்டிக்கொண்டு, டிக்கெட்டைக் காட்டியவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். உள்ளே ஆட்கள் நிறைந்துகொண்டு வந்தார்கள். ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதற்குள் பட்டு வேட்டி கட்டி, மடியில் மாலையை வைத்துக்கொண்டு சுந்தரலிங்கம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கவில்லை.

மணப்பெண் அறையிலிருந்து செய்தி வந்தது. "மாமா வராம நான் மணவறைக்கு வர மாட்டேன். முகூர்த்தம் போனாப் போகட்டும்" என்று நிலூஷா கதவைச் சாத்திக்கொண்டாளாம். மணவறையில் யுகேஷ் முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். தியாகராஜா கஜலட்சுமியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பலசரக்குக் கடை மிளகாய் முழுவதும் இருந்தது.

அவள் அசையவில்லை. நேற்றுப் பூராவும் தான் கேட்டது தப்பான கேள்வி என்று அவளுக்குப் பட்டது. யார் விட்டுக் கொடுப்பீர்கள் என்று கேட்டால் ஒருவனும் கொடுக்க மாட்டான். உள்ளே இருக்க வேண்டிய தேவையே இல்லாதவர் யார்? அவள் உள்ளே எட்டிப் பார்த்து ஒவ்வொரு ஆளாக எடைபோட்டுப் பார்த்தாள். மூக்காயி வந்தது கண்ணால் பார்க்க. கண் உள்ளே இருக்க வேண்டும். முதல் முடிச்சு விழும்போதே நாத்தனாரின் கை தாலிக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். நாதஸ்வரக்காரரை வெளியே நிறுத்தினால் அவருக்குப் பக்கத்திலேயே தவிலும் வெளியே வரும், அப்புறம் ஊரே வெளியே வரும். ஐயர்...

ஐயர் மழைக் கோட்டுப் போட்டு, இரண்டு முகக்கவசம் கட்டி, அதன் மேல் கண்ணாடித் தகடும் மாட்டி, ஹோமத்திலிருந்து எட்ட நின்று, சொந்தக்காரர்களில் யார் தும்முகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கஜலட்சுமி வாசலிலிருந்தே அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சாமி, இங்க உங்க வேலை எதால? கையாலயா, வாயாலயா?"

"இதென்ன கேள்வி? வாயால."

"கோயில் லவுட்ஸ்பீக்கர் வேலை செய்யுதுங்களா?"

ஐயருக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. "சிவ சிவா! அக்கினிக்கு முன்னால நான் இல்லாம எப்படிம்மா?"

"கோயில் முகப்புல நின்னா மணவறை நேரா தெரியும். எப்ப நெய் ஊத்தணும்னு நீங்க சொல்லுங்க, இவங்க ஊத்துவாங்க. சுத்திவர யாரும் இல்ல. தும்முற ஆளும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை சாஸ்திரத்தையே அசைத்துவிட்டது. ஐயர் உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாத்தியார் ஒரு தும்மல் போட்டார்.

"மந்திரத்துக்கு மூக்கா முக்கியம்? சத்தந்தான் முக்கியம்," என்றார் ஐயர். போனை வெளியே எடுத்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்து, பெருவிரலால் அழுத்தினார். அவருடைய முதல் முடிச்சு டிக்கெட் சுந்தரலிங்கத்தின் போனுக்குப் போனது. வேனுக்குள் டிங் என்று ஒரு சத்தம். கண்ணாடி இறங்கியது.

ஐயர் வெளியே வந்தார், பி.எச்.ஐ. மாத்தயா ஒன்றைக் குறைத்தார். சுந்தரலிங்கம் மாலையோடு உள்ளே போனார், மாத்தயா ஒன்றைக் கூட்டினார். கருவியைப் பார்த்து, "ஹரி, ஹரி, பனஹயி," என்று சிங்களத்தில் சொல்லி, "ஐம்பது சரி," என்று தலையாட்டினார்.

கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர் ஒரு முறை கனைத்தது. அதிலிருந்து மந்திரம் புறப்பட்டது. அதற்கு முன் தெல்தோட்டை மலைகள் அப்படியொரு மந்திரத்தைக் கேட்டதில்லை. தேயிலைச் செடிகள் கொழுந்து நிமிர்ந்து நின்றன என்று பறிக்கிறவர்கள் சொன்னார்கள். இடையிடையே, "நெய்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், யாருய்யா அது கடாயக் கவுக்குறது?" என்பதும் மந்திரத்தோடு மந்திரமாக மலையேறியது. சுந்தரலிங்கம் நிலூஷாவின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தார். அவளுக்கும் அழுகை, அவருக்கும் அழுகை. இரண்டு பேருடைய முகக்கவசமும் நனைந்தது.

"மாங்கல்ய தாரணம்! கட்டுங்கோ!" என்றது கோபுரம். யுகேஷ் முதல் முடிச்சைப் போட்டான்.

எதிர் மலையில் வேறொரு டிவிஷனில், கலியாணம் இரண்டு முறை தள்ளிப்போன கணேஸ் என்பவன் வேலிப் பக்கம் பெண்ணோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல நேரம், நல்ல மந்திரம், தாலியும் வீட்டில் சும்மா கிடந்தது. கோபுரம் கட்டு என்றதும் அவனும் கட்டிவிட்டான். அதற்கு மேலே தோட்டத்து லய வீடு ஒன்றில், பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த ஒரு புருசன் பெண்டாட்டி மந்திரத்தைக் கேட்டு மனமிளகி அவர்களும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்களாம். ஒரே மந்திரத்தில் மூன்று கலியாணம். தட்சணை ஒன்றுதான் வந்தது என்று ஐயருக்கு இன்றைக்கும் மனத்தாங்கல். எதிர் மலையிலிருந்து குலவைச் சத்தம் வந்தபோது பி.எச்.ஐ. மாத்தயா அந்தப் பக்கம் பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு, அந்த மலை தன்னுடைய பிரிவுக்குள் வராது என்று நினைவு வந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முதல் கூட்டம் பின்வாசலால் வெளியேறியது. சுந்தரலிங்கம் கையைக் கழுவிவிட்டு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு கஜலட்சுமியிடம் வந்து நின்றார்.

"தங்கச்சி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இனிக் கோவம் கிடையாது. நெசத்தச் சொல்லு. நீ நெனச்சிருந்தா நேத்தே மாத்தியிருக்கலாந்தானே?"

"முடியாதுண்ணே."

அவர் அவள் கண்ணையே பார்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குப் பொய் தெரியும். வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்கிற பொய், வயிற்று வலி என்கிற பொய், டிபன் பெட்டியை நாய் தூக்கிப் போய்விட்டது என்கிற பொய், எல்லாம் தினமும் காலையில் பார்க்கிறவர். எங்கேயாவது ஒரு நூல் தொங்குமா என்று தேடினார். நேற்றுப் பின்னேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒருவேளை அகப்பட்டிருக்கும்.

"அட," என்றார். "நெசமாவே முடியாதா!"

"நெசமாவே முடியாது."

"அப்படின்னா சரி. என் மூத்தவளுக்கு ஆவணியில வச்சிருக்கு. நீயே போட்டுக் குடு. என்கிட்ட மூணாம் முடிச்சு டிக்கெட்டும் இருக்கு இல்ல? அதுக்கும் உள்ள விடுவியா?"

"டிக்கெட் இருந்தா விடாம?"

கீழே வளைவிலிருந்து இரண்டாம் முடிச்சுக்காரர்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தங்கச் சங்கிலி போட்ட ஒரு பெரிய மனிதர் விறுவிறுவென்று வந்தார். கஜலட்சுமி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடுவில் வந்து நின்றாள். அவர் நீட்டிய போனைப் பார்த்தாள்.

"இது மூணாம் முடிச்சுங்க. இப்ப ரெண்டாவதுதான்."

"நான் யாருன்னு தெரியுமா? மாப்பிள்ளையோட பெரியப்பா!"

"தெரியுங்க. மரத்தடியில கதிரை போட்டிருக்கு, உக்காருங்க," என்றாள் கஜலட்சுமி. "அடுத்தவங்க, டிக்கெட்டக் கையில எடுத்துக்கிட்டு வாங்க."